சுவரில் ஏறும் ஓதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஓதத்தைப் பற்றியவை. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. வெயில் காலத்தில் மறைந்திருந்த பழுதுகள் எல்லாம் அப்போது சுவரில் வந்து நிற்கின்றன. எழுதியவர்களில் பலர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். சுவரை உடைத்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, ஆனால் அந்தச் சுவருக்கு அருகில் படுத்து உறங்குபவர்கள் அவர்கள்தான். ஆகவே இம்முறை அவர்களுடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மடிப்பாக்கத்தில் தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை பெயின்ட் உப்பி உதிர்கிறது. வெள்ளைப் பொடியும் பூக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தும் ஆறே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. இது பூஞ்சையா? (வாசகி, மடிப்பாக்கம்)

பூஞ்சை அன்று, உப்பு. ஐயமிருந்தால் அந்தப் பொடியின் மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உப்பாக இருந்தால் கரைந்து மறைந்துவிடும். மண்ணில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல மேலே ஏறுகிறது. ஏறும்போது கரைந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து, சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியானதும் உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. பெயின்டையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளி உதிர்ப்பது அந்த உப்புதான். இந்த ஈரம் பெரும்பாலும் மூன்றடி உயரத்தோடு நின்றுவிடும் என்பதால், நீங்கள் குறிப்பிட்டுள்ள இடுப்புயரமே நோயை அடையாளம் காட்டுகிறது.

இதைத் தடுப்பதற்காகவே அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் புகாத ஓர் அடுக்கை இடுவார்கள். பழைய வீடுகளில் அது இடப்படாமல் இருக்கலாம் அல்லது சிதைந்திருக்கலாம். ஆனால் சென்னையில் நான் அடிக்கடி பார்ப்பது வேறொன்று: தெருவை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதாலும், வெளிப்புறச் சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டித் தொட்டிச் செடி வைத்ததாலும், அந்த அடுக்குக்கு மேலேயே ஈர மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மடிப்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியாதலால் மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடுகிறது. எனவே முதலில் வெளியே போய், சுவரின் அடியில் மண் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டு உள்தரையை விட அரையடியாவது தாழும்படி அதை வாரி அப்புறப்படுத்தச் சொல்லலாம். பெரிய செலவில்லாத வேலை அது.

உள்ளே பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி எடுத்து வெளியே கொட்டிவிடுங்கள். இந்தச் சுவரில் எண்ணெய்ப் பெயின்டோ பிளாஸ்டிக் பெயின்டோ அடிக்க விடாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். நிலையான தீர்வு, கெட்டுப்போன பூச்சை உப்பு ஏறிய எல்லைக்கும் ஓரடி மேல்வரை கொத்தியெடுத்து, சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்தி, நன்றாக உலர்ந்த பிறகு புதிதாகப் பூசுவதுதான். அது வீட்டுக்காரரின் வேலை. மூன்றாவது முறையும் பட்டி பார்த்துத் தருகிறேன் என்று அவர் சொன்னால், அது அவருக்கும் வீண் செலவு என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் மாடியில் இருக்கிறோம். படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னாலும் மூலையிலும் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் படர்கின்றன. பட்டுப் புடவையிலும் தோல் பையிலும்கூடப் பூசணம் பூத்துவிட்டது. நான்கு வயது மகனுக்கு இரவில் இருமலும் இழைப்பும் வருகின்றன. வீட்டுக்காரம்மாவோ, ‘நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, அதனால்தான்’ என்கிறார். ஜன்னலைத் திறந்தால் இன்னும் அதிகமாகிறது. எங்கள் மேல்தான் தவறா? (வாசகி, குரோம்பேட்டை)

முதலில் குழந்தையைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்குழல் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதைத் தெளிவாகச் சொல்கின்றன. மருத்துவரிடம் போகும்போது சுவரின் புகைப்படத்தையும் காட்டுங்கள். அந்த அறையைச் சரிசெய்யும்வரை மகனை வேறு அறையில் படுக்க வையுங்கள். இதை மட்டும் இன்றிரவே செய்யுங்கள்.

இனிச் சுவருக்கு வருவோம். பூஞ்சைக்கு உணவு எங்கும் இருக்கிறது: பெயின்ட், தூசு, புடவையின் இழை, தோல் எல்லாமே அதற்கு உணவுதான். அதற்குக் கிடைக்காமல் செய்யக்கூடியது ஈரம் ஒன்றே. அந்த ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்தையும் வாங்க வேண்டாம். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, புள்ளிகளுக்கு அருகே உலர்ந்திருக்கும் இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி நாடா ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு பாருங்கள். தாளின் வெளிப்பக்கத்தில் நீர் அரும்பியிருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. சுவரைத் தொட்டிருந்த உட்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் கசிவு இருக்கிறது. கசிவு என்று தெரிந்தால் அது முழுக்க முழுக்க வீட்டுக்காரம்மாவின் பொறுப்பு. நீங்கள் எத்தனை ஜன்னலைத் திறந்தாலும் அது நிற்காது.

நீங்கள் எழுதியுள்ள விவரங்களைப் பார்த்தால், காற்றின் ஈரமே காரணமாக இருக்க அதிக வாய்ப்புள்ளது. அப்படியானாலும் ‘ஜன்னலைத் திற’ என்ற அறிவுரை நம் ஊர் மழைக்காலத்துக்கு முழுவதும் பொருந்தாது. வெளிக்காற்று உள்காற்றை விட உலர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஜன்னலைத் திறப்பதால் பயன் உண்டு. அடைமழை பெய்யும் இரவில் திறந்தால் ஈரத்தை விலை கொடுக்காமல் வாங்கி வைப்பதாகத்தான் முடியும். மழை விட்டு வெயில் தலைகாட்டும் நாளில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுழல விடுங்கள், மாலையில் மூடிவிடுங்கள்.

ஏ.சி. இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 27 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராக மாறிப் படியும். இரவு முழுவதும் 18இல் ஓட்டிவிட்டுக் காலையில் ஏ.சி.யை நிறுத்தி உடனே ஜன்னலைத் திறப்பவர் வீட்டில், குளிர்ந்த சுவர் முழுவதும் வேர்க்கிறது. பீரோவுக்குப் பின்னால் காற்று போகாததால் அது உலர்வதே இல்லை. 26இல் வைத்து ஓட்டுங்கள். டிரை என்ற அமைப்பு இருந்தால் மழைக்காலத்தில் அதைப் பயன்படுத்துங்கள். நிறுத்திய பிறகு ஒரு மணி நேரமாவது கழித்து ஜன்னலைத் திறவுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி நிறுத்துங்கள். முடிந்தால் வெளிப்புறச் சுவரை விட்டு உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். படுக்கையறையில் கொடி கட்டித் துணி உலர்த்துவதைக் கைவிடுங்கள், ஏனெனில் பிழிந்த துணியிலும் லிட்டர் கணக்கில் நீர் இருக்கிறது. அது அத்தனையும் காற்றில் கலந்து சுவருக்குத்தான் போகிறது. வேறு வழியில்லை என்றால் ஒரே அறையில் உலர்த்தி, அதன் கதவைச் சாத்தி, அங்கு மட்டும் விசிறியை ஓட விடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிட்டால் உங்களுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் இடையிலான பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். 60க்குக் கீழே இருந்தால் பூஞ்சை எளிதில் பரவாது. உங்கள் முயற்சிகளுக்குப் பிறகு எண் குறைந்தும் புள்ளிகள் வளர்ந்துகொண்டே இருந்தால், சுவரைச் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பட்டுப் புடவைகளை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அன்று. கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய அலமாரிக்குள் ஓரளவு உதவும். அறை முழுவதற்கும் அவற்றை நம்புவது பயனற்றது.

சுவரில் உள்ள பூஞ்சையை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கலந்தால் வேகமாகப் போகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (வாசகர், அம்பத்தூர்)

ஒருபோதும் கலக்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சாதாரணத் துணி சோப்புத் தூளைக் கரைத்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே பெயின்ட் அடித்த சுவரில் உள்ள பூஞ்சையின் பெரும்பகுதி போய்விடும். காய்ந்த நிலையில் தூரிகையால் தேய்க்க வேண்டாம். அதன் வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, குழந்தைகளையும் இழைப்பு உள்ளவர்களையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். துடைத்தபின் விசிறி வைத்து அன்றே முழுவதும் உலர்த்த வேண்டும். நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை மீண்டும் தொடங்கிவிடும். பூஞ்சையின் மேலேயே பெயின்ட் அடிப்பது, அதை மூடி மறைப்பதே தவிர அழிப்பதாகாது. உள்வரை பூசணம் பிடித்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

படுக்கையறைக் கூரையில் மஞ்சள் நிற வட்டம் ஒன்று நாளுக்கு நாள் பெரிதாகிறது. மேலே மாடி வீட்டுக் குளியலறை. அவர்களோ மழைத் தண்ணீர் என்கிறார்கள். (வாசகர், கோவை)

மழை நின்று இரண்டு வாரமாகியும் வட்டம் உலராமல் இருந்தால் அது மழைத் தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை. வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, தேதியிட்டுப் புகைப்படம் எடுங்கள். மேல்வீட்டார் ஒப்புக்கொண்டால் அக்குளியலறையை இரண்டு நாள் பயன்படுத்தாமல் விட்டு, குழாய்களை மூடி, அவற்றுக்குத் தண்ணீர் வரும் வால்வை மட்டும் திறந்து வையுங்கள்; அப்போதும் ஈரம் கூடினால் தண்ணீர்க் குழாயில் கசிவு, கூடாவிட்டால் தரையில் உள்ள டைல்ஸ் இணைப்பிலோ தரை நீர் வடியும் துளையில் பொருத்தும் நானி டிராப்பைச் சுற்றியோ பழுது. பெரும்பாலும் இரண்டாவதுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, மேல்வீட்டு உரிமையாளரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் அவரையே பேசச் சொல்லுங்கள். இரு உரிமையாளர்களுக்கு இடையே நடக்க வேண்டிய பேச்சில் வாடகைதாரர் நடுவில் நிற்கத் தேவையில்லை. வட்டத்துக்கு அருகே மின்விளக்கோ விசிறியோ இருந்தால் அதன் இணைப்பை உடனே நிறுத்திவிடுங்கள்.

குன்னூரில் வேலை. வாடகை வீடு எப்போதும் குளிர்ந்து ஈரமாகவே இருக்கிறது. கரி அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கலாமா? (வாசகர், குன்னூர்)

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் உருவாகும் கார்பன் மோனாக்சைடு, மணமின்றி உயிரைப் பறிக்கும். கேஸ் அடுப்பும் எரியும்போது நீராவியை வெளிவிடுவதால் ஈரம் கூடத்தான் செய்யும். மின் ஹீட்டரை மிதமாக வைத்து, பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது, சுவர் கெட்டுவிட்டது என்று சொல்லி அட்வான்சில் பெரும் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். இனி வேறு வீடு பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, வேளச்சேரி)

உங்களுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்கிறது, வருத்தமாக இருக்கிறது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் நீங்கலாகக் கட்டுமானப் பழுதுகளும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் அச்சட்டத்தின்படி உரிமையாளரின் பொறுப்பில் வருகின்றன. குழாய் வாஷர், கழிவுநீர்க் குழாய் அடைப்பு போன்ற சிறு வேலைகள் வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தால்தான் இந்தப் பாதுகாப்பு கைக்கு வரும். பழுதை வாயால் மட்டும் சொல்லாமல், தேதியோடு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது, எல்லாச் சுவரும் பழையதாக இருக்க ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்கு அருகே போய் முகர்ந்து பாருங்கள். பரணைத் திறந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதி உப்பி உளுத்திருக்கிறதா, சுவிட்ச் பெட்டியின் திருகாணிகள் துருவேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி மாடி வீடு என்றால் மொட்டைமாடிக்கு ஏறி, மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் இலையும் மண்ணும் அடைத்திருக்கின்றனவா, தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று காணுங்கள். சித்திரையில் வீடு பார்த்தால் எல்லாச் சுவரும் உலர்ந்தே இருக்கும். ஆகவே கீழ்வீட்டில் குடியிருப்பவரிடம், போன கார்த்திகையில் இந்த வீட்டில் எங்கே ஒழுகியது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாவி வாங்கிய அன்றே, சாமான்கள் இறங்குவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் மூலை வரை படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.