வாசகர் கேள்வி – பதில்: அணுவெடியை எப்படி வரைவது?

ஆகஸ்ட் நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஹிரோஷிமா தினத்தைப் பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு மட்டும் இங்கே இடம் இருக்கிறது.

பள்ளி ஓவியப் போட்டியில் வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் காளான் மேகத்தையே வரைகிறார்கள். வேறு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
– ஓவிய ஆசிரியை, குடியாத்தம்

காளான் மேகம் குண்டு போட்டவன் விமானத்திலிருந்து எடுத்த படம். கீழே நின்றவர் கண்ணில் பட்டது வேறு. ஈரி மாருகி, தோஷி மாருகி என்ற ஜப்பானியத் தம்பதி 1950 முதல் 1982 வரை வரைந்த 15 ஹிரோஷிமா ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் நீளம். 'பேய்கள்' என்ற முதல் ஓவியத்தில் தோல் உரிந்து, கையை முன்னே நீட்டி நடந்து வருபவர்கள்தான் இருக்கிறார்கள். பின்னணி வெறும் காகிதம்.

அவர்கள் வேலை செய்த முறையை வகுப்பிலும் செய்துபார்க்கலாம். தோஷி உடல்களை நுணுக்கமாக வரைவார். அதன்மேல் ஈரி நீர்த்த மையை ஊற்றுவார். சார்ட்டை நீளவாக்கில் ஒட்டி, நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். நீர்புகா இந்தியன் இங்க்கில் கோடு போடட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே, ஒரு மூடி மைக்கு ஐந்து மூடி தண்ணீர் கலந்து மேலே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கோடும் கரைந்து எல்லாம் சேறாகும். பளபளப்பான சார்ட் மையைக் குடிக்காது, மேலேயே உருட்டிவிடும். கையால் செய்த காகிதம் கிடைத்தால் நல்லது. வானம் வரையக் கூடாது என்று ஒரே ஒரு விதி போடுங்கள், போதும்.

இந்த வல்லரசுகள் அணுகுண்டுச் சோதனையை ஏன் சொந்த ஊரில் நடத்தவில்லை?
– வாசகர், ஆரணி

அமெரிக்காவும் சோவியத்தும் தங்கள் எல்லைக்குள்ளும் வெடித்தன. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். பிரிட்டன் 1952 முதல் 1957 வரை ஆஸ்திரேலியாவில் 12 பெரிய குண்டுகளை வெடித்தது. அதில் 7 மாரலிங்காவில், பழங்குடியினர் நிலத்தில். பிரான்ஸ் 1960 முதல் 1966 வரை அல்ஜீரியச் சகாராவில் 17. அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. பிறகு பாலினேசியாவின் மொருரோவா, ஃபங்கடௌஃபா தீவுகளில் 1996 வரை 193. அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67. சோவியத்துக்குக் கசகஸ்தான் புல்வெளியான செமிபலாட்டின்ஸ்க். 'ஆளில்லாத இடம்' என்று வரைபடத்தில் எழுதியவன் அங்கே இருந்த ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாயின் தலைப்பாகையை மாற்றியவர்களும் அவனைக் கேட்டு மாற்றவில்லையே.

செமிபலாட்டின்ஸ்கை எதிர்த்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு கவிஞர். 1989 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் கவிதை படிக்க வந்த ஒல்ஜாஸ் சுலைமேனோவ், அதை விட்டுவிட்டு, சோதனைக் களத்திலிருந்து கசிந்த கதிரியக்கத்தைப் பற்றிப் பேசினார். 1991 ஆகஸ்ட் 29-இல் களம் மூடப்பட்டது.

ஆஸ்திரேலியக் கலைஞர் ஒருவர் கண்ணாடிக் கிழங்குகளைத் தொங்கவிட்ட படத்தைப் பார்த்தோம். அதேபோல் சுடுமண்ணில் 200 பனங்கிழங்கு செய்து கல்லூரியில் தொங்கவிடலாமா?
– மாணவிகள், காட்பாடி

நீங்கள் பார்த்தது ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர் யொன்னி ஸ்கார்ஸின் 'நஞ்சு பொழியும் இடி' (2015). கையால் ஊதிய ஏறத்தாழ 2,000 கண்ணாடிக் கிழங்குகள் மேகம்போல் தொங்கும். கிழங்கு அவர் மக்களின் உணவு. மண்ணில் விழுந்த நஞ்சு முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். மாரலிங்காவில் வெடிப்பின் சூட்டில் செம்மண்ணே உருகிக் கண்ணாடியானது. அதனால்தான் அங்கே கண்ணாடி. உங்கள் மண்ணுக்கும் இப்படி ஒரு காரணம் வேண்டும். பனங்கிழங்கு நல்ல தேர்வு: கூடங்குளமும் இடிந்தகரையும் பனங்காட்டு நாடு.

இனி வேலை. கரிகிரியில் மண்பாண்டம் செய்பவர்களிடம் பிசைந்த களிமண்ணாகவே வாங்குங்கள். காய்ந்து சுட்டபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், 20 செ.மீ. வேண்டுமானால் 22-ஆகச் செய்யுங்கள். கிழங்கைக் கெட்டியாக உருட்டினால் சூளையில் வெடிக்கும். உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். செய்தித்தாளைச் சுருட்டி, அதன்மேல் ஒரு செ.மீ.க்கு மிகாமல் மண்ணைப் போர்த்துங்கள். நுனியில் ஊசியால் காற்றுத் துளை. மேலே தொங்கவிட 3 மி.மீ. துளை, ஈரமாக இருக்கும்போதே. நிழலில் பத்து நாள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வேலூர் வெயிலில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் வெளித்தோல் முந்திக்கொண்டு சுருங்கி நீளவாக்கில் விரிசல் விடும்.

கறுப்பு வேண்டுமானால் பெயின்ட் அடிக்காதீர்கள். கடைசித் தீயில் உமியும் பச்சிலையும் போட்டுச் சூளையை மூடச் சொல்லுங்கள். புகை மண்ணுக்குள்ளேயே இறங்கும்.

ஒன்று 150 கிராம் என்றாலும் 200-க்கு 30 கிலோ. ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. தளத்துக் கொக்கியில் ஜி.ஐ. குழாய்ச் சட்டம் கட்டி அதில் மாட்டுங்கள். தூண்டில் நரம்பு 0.6 மி.மீ. போதும். ஆனால் சுடுமண் துளையின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும். துளையில் செம்புக் கம்பி வளையம் போட்டு, நரம்பை வளையத்தில் முடியுங்கள். முடிச்சு விழும் இடத்தில் நரம்பின் பலம் ஏறக்குறைய பாதியாகும்; பாரத்தில் அது நீளவும் செய்யும். பத்துக் கிழங்கை மட்டும் மூன்று நாள் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு மீதியை மாட்டுங்கள். இடைவெளி 15 செ.மீ. திறப்பு விழா அன்று யாராவது மின்விசிறியைப் போடுவார்கள். சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

துணிப் பதாகைகளை ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அடிக்கப்போகிறோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பைக்ரோமேட் கலந்து செய்யச் சொல்கிறார்கள். சரிதானா?
– இளைஞர் மன்றம், ராணிப்பேட்டை

வேண்டாம். வலையில் பூசும் பசை வெளிச்சத்தில் இறுகுவதற்காகச் சேர்க்கும் இந்த பைக்ரோமேட், ஆறிணைக் குரோமியம் என்ற நச்சு. உங்கள் ஊரில் கழிவு மேடாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதுதான். ஸ்க்ரீனைக் கழுவும்போது வெளிச்சம் படாத பகுதியில் இருக்கும் குரோமியம் அப்படியே சாக்கடைக்குப் போகும். கையில் பட்டால் புண் வரும், புற்றுநோயும் வரலாம். அணுக்கழிவை எதிர்க்கும் பதாகையை ராணிப்பேட்டையில் இதைக்கொண்டு அடிப்பது விபரீதம்.

டயசோ எமல்ஷன் கேளுங்கள். அதுவும் வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சுதான், ஆனால் குரோமியம் இல்லாதது. பொடியைத் தண்ணீரில் கரைத்து எமல்ஷனில் கலந்து, குமிழி அடங்கச் சில மணி நேரம் விடுங்கள். பருத்தித் துணிக்குச் செ.மீ.க்கு 43 இழை வலை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இருபுறமும் மெல்லிசாகப் பூசி, இருட்டில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். சூடான பீரோவில் வைத்தால் வெளிச்சம் படாமலே இறுகிவிடும்; பிறகு எவ்வளவு கழுவினாலும் எழுத்து திறக்காது. மதிய வெயிலில் 1, 2, 3, 4 நிமிடமென்று அட்டையை நகர்த்தி ஒரு சோதனை போடுங்கள். கழுவும்போது படமே வழிந்து போனால் வெயில் போதவில்லை. நுண்ணிய கோடு திறக்கவில்லை என்றால் அதிகம். எழுத்து அச்சிட்ட ஃபிலிமை வலையில் வைத்து, அதன் மேல் கண்ணாடி வைத்து அழுத்தாவிட்டால் எழுத்தின் ஓரம் மங்கும். மே, ஜூனில் தண்ணீர் மை வலையிலேயே காய்ந்து அடைக்கும். மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்து, காலை ஒன்பது மணிக்குள் அடித்து முடியுங்கள்.

மூன்று கோடு போட்ட வட்ட அமைதிச் சின்னத்தைப் பயன்படுத்த யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?
– வாசகர், செய்யாறு

வேண்டாம். 1958-இல் பிரிட்டனில் நடந்த ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்டு ஹோல்டம் வரைந்தது. யாரும் உரிமை கொண்டாடவில்லை. கொடிச் சைகையில் 'என்', 'டி' (நியூக்ளியர் டிஸ்ஆர்மமென்ட், அணு ஆயுத ஒழிப்பு) இரண்டு எழுத்துகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது அது. நடுக்கோடு வட்டத்தின் உச்சியிலிருந்து அடிவரை முழுசாக வர வேண்டும். கீழ்ப்பாதியை விட்டுவிட்டால் பென்ஸ் கார் முத்திரையாகிவிடும்.