வாசலில் வைக்கலாமா பாட்டியின் சிங்கரை?

கேள்வி: பாட்டியின் சிங்கர் கால் தையல் மெஷின் பரணுக்கடியில் சும்மா கிடக்கிறது. வாசலில் போட்டு மேலே பூந்தொட்டி வைக்கலாம் என்கிறாள் மகள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த சாமான், கூடாது என்கிறார் மாமியார். லட்சத்துக்கு விலை போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நான் மாமியார் கட்சி, காரணம் மட்டும் வேறு. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு குறை சொன்ன காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார்; அதன்மேல் நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றப் போகிறீர்களா? தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் முதலில் மரப்பலகையை உப்ப வைக்கும், அப்புறம் ஊசித்தண்டு, ஷட்டில், துணியை நகர்த்தும் பல் என்று பெயின்ட் இல்லாத இரும்பு எல்லாம் துருப்பிடிக்கும், ஒரே ஒரு ஐப்பசி மழை போதும். ரீல்ஸில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ரீல்ஸில் மழை பெய்யாதே.

முதலில் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், மறுநாள் மெஷின் ஆயில், வார் இற்றிருந்தால் புதிது, அவ்வளவுதான். ஜிக்ஜாக் எல்லாம் வராது. நேர்த்தையல் வரும், ஜீன்ஸ் மடிப்பைக்கூடத் தைத்துத் தள்ளும்.

மகள் விடமாட்டாளா? சரி, ஹெட்டை, அதாவது மேலே இருக்கும் தைக்கும் பாகத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு ஸ்டாண்டை மட்டும் கொடுங்கள். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கருப்பு எனாமல், பலகைக்குப் பதில் கடப்பா கல். ஓட்டல்களில் இதே ஸ்டாண்டில்தான் வாஷ்பேசின் வைக்கிறார்கள். மிதியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், குழந்தைகள் ஆட்டி சக்கரத்தில் விரலை விடும். கீழே போட்டுவிடாதீர்கள், வார்ப்பிரும்பு உடைந்தால் சாதாரண வெல்டிங்கில் ஒட்டாது.

அந்த லட்சக் கதை? 2009-ல் சவூதியில், பழைய சிங்கரில் சிவப்புப் பாதரசம் என்ற, உண்மையில் இல்லவே இல்லாத அபூர்வப் பொருள் இருக்கிறது என்று ஒரு புரளி கிளம்பி, ஜனங்கள் பெருந்தொகைக்கு அடித்துப் பிடித்து வாங்கினார்கள். ஊசிப் பக்கம் செல்போனைக் கொண்டுபோனால் லைன் கட்டாக வேண்டுமாம், அதுதான் சோதனை! பக்கத்து வீட்டுக்காரர் போனோடு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.