அறுபது பக்க வசனமும் ஒரு படகும்

கேள்வி: முதுகலை காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ‘பராசக்தி (1952) திரைப்படத்தில் கருத்தியலும் எடுத்துரைப்பு உத்திகளும் – ஓர் ஆய்வு’ என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. படத்தின் வசனங்களை எல்லாம் கேட்டு எழுதி, சமூகம், கடவுள், பெண் என்று பிரித்து அறுபது பக்கம் தயாரித்துவிட்டேன். “இது தொகுப்பு, ஆய்வு இல்லை, அல்தூசரை வைத்துப் பார்” என்கிறார் வழிகாட்டி. அல்தூசர் என்ற பிரெஞ்சு மார்க்சியச் சிந்தனையாளரைப் படித்தேன், ஒன்றும் புரியவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிராஜெக்ட் சென்டரில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். சமர்ப்பிக்க ஏழு வாரம் இருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்.

முதலில் பணத்தைப் பற்றி. கொடுக்காதீர்கள். பன்னிரண்டாயிரம் என்பது தொடக்கம்தான். அச்சுக்கும் அட்டைக்கும் ‘பிளேஜியரிசம் குறைப்பதற்கும்’ தனித்தனியாகக் கேட்பார்கள். அந்தக் கடையில் யாரும் உங்கள் படத்தைப் பார்க்கப் போவதில்லை. மூன்று மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படத்தை உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? ஏற்கெனவே விற்ற ஏட்டில் படத்தின் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள். நான் புறத்தேர்வாளராகப் போயிருந்த ஒரு வாய்மொழித் தேர்வில், மூன்றாம் இயலில் கதாநாயகியின் பெயர் திடீரென்று வேறாக இருந்தது. பெயர்களை மாற்றும்போது ஓரிடம் விடுபட்டுவிட்டது. “இது யாரம்மா?” என்று கேட்டேன். மாணவி என்னைப் பார்த்தார், வழிகாட்டியைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் முதுகலை ஏட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. கடைக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டு விழுக்காட்டைக் குறைப்பார்கள். ‘கருத்தியல்’ ‘எண்ணவியல்’ ஆகிவிடும், ‘கதாநாயகன்’ ‘கதைத்தலைவன்’ ஆகிவிடுவார். மென்பொருளை ஏமாற்றலாம், படிக்கிறவரை ஏமாற்ற முடியாது. மாட்டும்போது கடைக்காரர் மாட்டுவதில்லை. ‘இது என் சொந்த ஆய்வு’ என்ற உறுதிமொழிப் பக்கத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

இனி உங்கள் அறுபது பக்கம். உங்கள் வழிகாட்டி சொன்னதில் பாதி சரி. வசனம் சொல்வது கதாபாத்திரத்தின் கருத்து, அதிகம் போனால் வசனகர்த்தாவின் கருத்து. மு. கருணாநிதி பகுத்தறிவுவாதி என்று நிறுவ யாரும் ஆய்வேடு எழுத வேண்டியதில்லை. 1949இல் தொடங்கிய தி.மு.க.வின் பேச்சாளர் 1952இல் என்ன எழுதியிருப்பார் என்பது ஊருக்கே தெரியும். ‘ஐடியாலஜி’யைச் ‘சித்தாந்தம்’ என்று சொல்லிப் பழகியதால் வரும் கோளாறு இது. சித்தாந்தம் என்றதும் மாணவர்கள் கட்சிக்கொடியைத் தேடுகிறார்கள். கருத்தியல் என்பது ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் கொள்கை அன்று. சொல்லத் தேவையே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது. அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாம் வாழும் நிலைமையோடு நமக்குள்ள உறவை நாமே ஒருவிதமாகக் கற்பித்துக்கொள்கிறோம், அந்தக் கற்பிதத்தை இயல்பு என்று நம்புகிறோம். மீதியை விட்டுவிடுங்கள். ஏழு வாரத்தில் யாருக்கும் அல்தூசர் புரிந்ததில்லை.

அப்படியானால் படத்தில் கருத்தியலை எங்கே பிடிப்பது? எது நடக்கிறது, எந்த வரிசையில் நமக்குச் சொல்லப்படுகிறது, யாருக்கு எப்போது தெரிகிறது – இவற்றில். எடுத்துரைப்பு உத்தி, அதாவது கதையைச் சொல்லும் முறை, தனி இயல் இல்லை. கருத்தியல் வேலை செய்யும் இடமே அதுதான். தலைப்பில் ‘உம்’ போட்டுப் பிரித்துவிட்டதால் நீங்கள் இரண்டு மூட்டையாகச் சுமக்கிறீர்கள்.

ஓர் இடத்தைப் பார்ப்போம். பர்மாவிலிருந்து வரும் குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுத்து மதுரை வந்து சேர்கிறான். கணவனையும் தந்தையையும் இழந்த தங்கை கல்யாணி, கைக்குழந்தையோடு இட்லி விற்றுப் பிழைக்கிறாள். கையில் காசில்லாத அண்ணன், தான் யார் என்று சொல்லாமல் பைத்தியம்போல நடித்துக்கொண்டு அவளைச் சுற்றிவருகிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இந்த ஏற்பாட்டை நோட்டில் வரைந்து பாருங்கள். துன்பப்படுகிறவள் அவள், ஆனால் அந்தத் துன்பத்தை நாம் பெரும்பாலும் அண்ணனின் கண்ணால் பார்க்கிறோம். தன் நிலைமையைப் பற்றி எல்லாரையும்விடக் குறைவாக அறிந்தவளாக அவளை வைத்திருக்கிறது கதை. ‘பெண்’ என்ற தலைப்பில் நீங்கள் தொகுத்த வசனங்களில் இது எங்காவது இருக்கிறதா? இருக்காது. இது வசனமே இல்லை.

இன்னோர் இடம், படகு. பசியாலும் பூசாரி வரை துரத்திய ஆண்களாலும் நொந்துபோன கல்யாணி, குழந்தையை ஆற்றில் எறிகிறாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. குணசேகரனின் புகழ்பெற்ற பேச்சு அங்கேதான். உங்கள் அறுபது பக்கத்தில் இருபது பக்கமாவது அந்தப் பேச்சாக இருக்கும் என்று நினைக்கிறேன். பேச்சு சமூகத்தைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுகிறது, சரி. தீர்ப்பை எளிதாக்குவது எது? குழந்தை தண்ணீரில் விழவில்லை, குணசேகரன் மணக்கப்போகும் விமலா வந்துகொண்டிருந்த படகில் விழுந்திருக்கிறது! நீதிபதி யார்? பிரிந்துபோன மூத்த அண்ணன். பசி என்று வாசலில் வந்து நின்ற தங்கையை அடையாளம் தெரியாமல் விரட்டியவர். நடு அண்ணன் ஞானசேகரனும் நன்கொடை வசூலிக்க வந்த இடத்தில் தற்செயலாக அவர்களோடு சேர்ந்துவிடுகிறான். கடவுளின் பெயரால் நடக்கும் ஏமாற்றைச் சாடிய படம், கடவுள் செய்ய வேண்டிய வேலை அத்தனையையும் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டது. சமூகக் குற்றம் என்று தொடங்கியது குடும்பம் ஒன்றுசேர்வதோடு முடிகிறது. குழந்தை உண்மையாகவே இறந்திருந்தால் அந்தப் பேச்சுக்குப் பிறகு நீதிபதி என்ன எழுதியிருப்பார்? இந்தக் கேள்வியை எழுதி அதற்குக் கீழே நான்கு பக்கம் நிரப்ப உங்களால் முடியும். எந்தக் கடைக்காரராலும் முடியாது.

மௌனத்தையும் பாருங்கள். 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே சுயமரியாதை இயக்கம் விதவை மறுமணத்தை வலியுறுத்தியது. 23 ஆண்டு கழித்து அந்த மரபிலிருந்து வந்த படத்தில் குணசேகரனுக்கும் விமலாவுக்கும் திருமணம் உறுதியாகிறது; கல்யாணி விதவையாகவே இருக்கிறாள். அவளை நெருங்கிய ஆண்களிடமிருந்து ஒவ்வொரு முறையும் தப்பவைத்துக் கற்புக்குப் பங்கமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கிறது கதை. தாக்கப்படாமல் நிற்கும் நம்பிக்கை எது என்று தெரிகிறதா?

இதற்குக் கோட்பாட்டு ஆதாரம் வேண்டும் என்று வழிகாட்டி அடம்பிடித்தால், 1969இல் கொமோலி, நர்போனி என்ற இரு பிரெஞ்சு விமர்சகர்கள் படங்களை ஏழு வகையாகப் பிரித்து எழுதிய கட்டுரையைக் காட்டுங்கள். அரசியலை வெளிப்படையாகப் பேசிக்கொண்டே, தான் எதிர்க்கும் அமைப்பின் மொழியையும் படிமங்களையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் படங்கள் அவர்களுடைய நான்காவது வகை. உங்களுக்கு அது போதும். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

வசனத்தை ஒதுக்கச் சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது இந்தப் படத்துக்கே உரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பராசக்தியின் வசனம் படத்துக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. கதைவசனப் புத்தகமாக விற்றது, ஒலிப்பதிவாக வீடுகளில் ஒலித்தது, பள்ளி மேடைகளில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். படம் பார்க்காதவருக்கும் நீதிமன்றப் பேச்சு தெரியும். ஆக, பேச்சு மட்டும் தனியாக ஊர்சுற்றியது, படகு கூட வரவில்லை. ஒலிப்பதிவில் அந்தப் பேச்சைக் கேட்டவருக்குக் குடும்பம் ஒன்றுசேரும் முடிவு முக்கியமில்லை. குற்றச்சாட்டு மட்டும் காதில் நின்றது. படத்துக்குள் மழுங்கிய கத்தி வெளியே வந்ததும் கூராகிவிட்டது. 1967இல் ஆட்சிக்கு வந்த கட்சிக்கு எது உதவியது, படமா பேச்சா என்று கேட்டால், இரண்டும் ஒன்றில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் அறுபது பக்கத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. அதைப் பத்துப் பக்கமாகச் சுருக்கி, ‘படத்துக்கு வெளியே வாழ்ந்த பிரதி’ என்று கடைசி இயலில் வையுங்கள். ஆனால் கலக்காதீர்கள். படத்தின் கருத்தியலுக்குச் சான்றாக அந்தப் பேச்சைக் காட்டினால், மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

உங்கள் துறைக் குழுவில் ஒருவராவது “சாம்பிள் எத்தனை, கேள்வித்தாள் எங்கே, புள்ளியியல் சோதனை செய்தீர்களா?” என்று கேட்பார். ஒரு படத்தைக் கூர்ந்து பார்ப்பதற்குச் சாம்பிள் ஒன்று என்று சொல்ல இந்த நாட்டில் இன்னும் துணிச்சல் வேண்டியிருக்கிறது. நூறு பேரிடம் ‘பராசக்தியில் கருத்தியல் உள்ளதா: ஆம், இல்லை, கருத்து இல்லை’ என்று டிக் வாங்கி, வட்டப்படம் போட்டு முதல் வகுப்பு வாங்கிய ஏடுகளை நான் திருத்தியிருக்கிறேன். மதிப்பெண் போட்டதும் நான்தான். படிவத்தில் ‘தரவு சேகரிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் அலுவலகம் ஏட்டைத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தில் ‘காட்சிக் குறிப்புகள், பின்னிணைப்பு 1’ என்று எழுதுங்கள். அது பொய்யில்லை.

அந்தக் குறிப்புகளை எடுக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மூன்று காட்சிகள் மட்டும்: பைத்தியமாக நடிக்கும் இடம், அண்ணன் வீட்டு வாசல், நீதிமன்றம். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனம் காதில் விழுந்தால் இந்தப் படத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. கேமரா யார் முகத்தில் நிற்கிறது, பேச்சு நடக்கும்போது யார் காட்டப்படுகிறார்கள், நமக்குத் தெரிந்தது எவருக்குத் தெரியாது – நேரக்குறிப்போடு நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் எழுத, ஒரு வாரம் திருத்த, கடைசி வாரம் அச்சுக்கும் கையெழுத்துக்கும். கையெழுத்துக்கு ஒரு வாரமா என்று கேட்காதீர்கள், துறைத்தலைவர் விடுப்பில் இருப்பார். தலைப்பின் கடைசியில் தொங்கும் ‘ஓர் ஆய்வு’ என்பதை எடுத்துவிட அனுமதி கேட்டுப் பாருங்கள். கொடுக்கமாட்டார்கள்.