புல் மேய்ந்த மாட்டின் கறி ஏன் வறண்டது?

வணக்கம்.
நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். போன கிறிஸ்துமஸுக்கு ‘கிராஸ் ஃபெட்’ என்று போட்டிருந்த விலாக்கறி வாங்கி, எப்போதும்போல ஓவனில் வைத்தோம். அவ்வளவு விலை கொடுத்தும் கறி வறண்டு, மெல்ல முடியவில்லை. இந்த முறை எட்டுப் பேர். ஊரிலிருந்து வரும் அப்பாவும் அம்மாவும் உள்ளே சிவப்பாக இருந்தால் தொடமாட்டார்கள். எதை வாங்கலாம்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சிவப்பு ஆகாது என்றால் விலாக்கறியே வேண்டாம். தானியம் தின்று கொழுத்த மாட்டில் தசைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் அது காப்பாற்றிவிடும். புல்லிலேயே வளர்ந்த மாட்டில் அது குறைவு, வேகமாகவும் வெந்துவிடும். பழைய நேரக்கணக்கில் வைத்ததால்தான் வறண்டது.

உங்களுக்கேற்றது தோள்பட்டைக் கறி, அங்கே ‘சக் ரோஸ்ட்’ என்பார்கள். விலையும் பாதிதான் இருக்கும். மூன்று பவுண்ட் துண்டாக இரண்டு வாங்குங்கள். வெந்தபின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும்.

லேபிளைக் கவனியுங்கள். எந்தக் கன்றும் முதலில் புல்தான் தின்கிறது. பெரும்பாலானவற்றைக் கடைசிச் சில மாதங்கள் அடைத்துவைத்து மக்காச்சோளம் போடுவார்கள். ‘கிராஸ் ஃபெட்’டுக்கென்று வைத்திருந்த வரையறையை அமெரிக்க வேளாண்துறை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. ஆகவே ‘100% கிராஸ் ஃபெட்’ அல்லது ‘கிராஸ் ஃபினிஷ்ட்’ (கடைசிவரை புல்லே தின்றது) என்றிருக்கட்டும். அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷன் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. ‘ஆர்கானிக்’ வேறு விஷயம், அந்த மாட்டுக்கும் தானியம் போடலாம். கொழுப்பு லேசான மஞ்சளாக இருந்தால் பயப்படாதீர்கள், அது புல்லின் நிறம்.

பெரும்பாலும் உறைந்துதான் கிடைக்கும். 21ஆம் தேதி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். 23 இரவு இரண்டு துண்டுக்கும் சேர்த்து 30 கிராம் உப்பு, எடைபார்த்துத் தடவி, மூடாமல் வையுங்கள். 24 காலை ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, கனமான பாத்திரத்தில் எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாக வறுக்கவேண்டும். ஈரம் இருந்தால் வறுபடாது, தண்ணீர் விட்டு அவியும். அதிலேயே நான்கு வெங்காயம், மிளகு, பட்டை. கறியின் பாதி உயரத்துக்கு மட்டும் ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றி, மூடி, 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் மூன்று மணி நேரம்.

இங்கேதான் பலர் பதறுகிறார்கள். இரண்டாவது மணி நேரத்தில் குத்திப்பார்த்தால் கறி ரப்பராக இருக்கும். கெட்டுப்போயிற்று என்று இறக்கிவிடுவார்கள். அது கெடவில்லை, வேகவில்லை. தசைகளைப் பிணைக்கும் சவ்வு கரைய, கறியின் நடுவே 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் முறுக்காமல் சுழலவேண்டும். அதுவரை அரை அரை மணியாகக் கூட்டுங்கள். குக்கரில் வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேகும், ஆனால் உதிர்ந்து குழம்புக்கறியாகிவிடும்.

சூடு சற்றுத் தணிந்ததும் சாற்றோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே உறைந்த மஞ்சள் கொழுப்பை வழித்துவிட்டு, குளிர்ந்த கறியை நாருக்குக் குறுக்கே விரல் கனத்துக்கு வெட்டுங்கள்; சூட்டோடு வெட்டினால் உதிரும். அதே சாற்றில் மூடி, 300 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் பரிமாறலாம்.