பட்டாளத்திலிருந்து வந்த கோபமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்வெல் வற்றியது, ஆட்டுக்குட்டிகள், மல்லாட்டை அறுவடை என்று நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எல்லையில் இருந்த காலத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி, இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஏன் ஐயா? என் அப்பாவும் 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், சியாச்சின் வரைக்கும் போனவர். எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் தட்டு பறக்கும். அம்மாவை அடித்ததும் உண்டு. 'மிலிட்டரிக்குப் போய்த்தான் இப்படி ஆயிட்டாரு' என்பார் அம்மா. அப்படித்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அடிப்பதை நான் முதலில் பார்த்தது ஊரில். கூலி உயர்த்திக் கேட்டவரைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதைச் செய்தவர்களுக்கு எந்த ராணுவமும் பயிற்சி கொடுக்கவில்லை. கையை ஓங்கலாம் என்பதை ஊரிலேயே படித்துவிட்டுத்தான் நாங்கள் ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடுகிறோம்.

பட்டாளத்தில் துப்பாக்கி கிடைத்தது, கூடவே கணக்கும் வந்தது. யார் உத்தரவு, எதற்காகச் சுட்டாய், எத்தனை தோட்டா என்று பதில் சொல்ல வேண்டும். செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியலே உண்டு. அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எல்லா இடத்திலும் அது மதிக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பவன் யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதை முதலில் அங்கேதான் கேட்டேன்.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டீர்கள். வாசிப்பவர்கள் எதிர்பார்ப்பது துப்பாக்கிச் சண்டை. என்னிடம் இருப்பது வேறு. காஷ்மீரில் விடியும் முன்பே ஊரைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடுவோம். ஒரு வீட்டில் கீழ்த்தளம் முழுக்க மாட்டுத் தொழுவம். அதே சாணி வாடை, அதே வைக்கோல் தூசி. எங்கள் பூட்ஸ் சத்தத்துக்கு மிரண்ட பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். மரப்பெட்டியில் கொட்டி வைத்திருந்த நெல்லுக்குள் இரும்புக் கம்பியை விட்டுத் துழாவினோம். ஒன்றும் இல்லை. கம்பியை உருவியபோது நெல் தரையெல்லாம் சிதறியது. நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டுப் பெண் உட்கார்ந்து அதைக் கூட்டி அள்ள ஆரம்பித்திருந்தார். ஒரு குண்டு வெடிக்கவில்லை, யார் மேலும் கை படவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது வன்முறைதான். நெல் விளைகிற வீட்டில் பிறந்த எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. இதை எழுதினால் தேசத்துக்கு எதிராகப் பேசுகிறான் என்று ஒருவர் வருவார், ராணுவமே இப்படித்தான் என்று இன்னொருவர் வருவார். நான் சொல்ல வருவது இரண்டும் இல்லை.

உங்கள் அப்பா போன சியாச்சினில் பெரிய எதிரி பனி. 1984 ஏப்ரலில் நம் படை அங்கே ஏறியதிலிருந்து, சண்டையில் இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேரைப் பனி மூடியது, அதில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டி மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். புகை உள்ளேயே சுற்றும், எச்சில் துப்பினால் கரியாக வரும். கையுறை இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தூக்கம் என்பதே கிடையாது. ஊர் டீக்கடையில் இதை யாரும் கேட்பதில்லை. 'எத்தனை பேரைச் சுட்டே?' என்பார்கள். அப்புறம் கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்பார்கள். மனுஷன் எப்படி வாயைத் திறப்பான்?

சரி, அந்தக் கோபத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு 60 நாள் விடுப்பில் வருகிறவர் வீட்டில் விருந்தாளி. கோழி அடிப்பார்கள், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பிறகு நாற்பது வயதுக்குள் பெட்டியோடு ஒரேயடியாக வந்து இறங்கும்போதுதான், கடனை அடைத்தது, பயிர் வைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் மனைவி என்று தெரிகிறது. தான் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது என்பதைத் தாங்க முடியாமல் பலபேர் திணறுகிறார்கள். என் கூட இருந்தவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கம்பெனி கமாண்டர் முன்னால் உங்கள் அப்பா தட்டை எறிந்திருப்பாரா? அங்கே அடங்கத் தெரிந்த கைதானே அது. அதனால் பட்டாளத்தின் மேல் பழியைப் போட்டு அவரை விட்டுவிடாதீர்கள். அவர் பட்ட கஷ்டம் நிஜம், அம்மா வாங்கிய அடியும் நிஜம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

அவரிடம் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். பனியை எப்படி உருக்கினீங்க, பக்கத்தில் யார் படுத்திருந்தாங்க, அவர் எந்த ஊர் என்று கேளுங்கள். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். இரவில் திடுக்கிட்டு எழுகிறார், தூங்காமல் நடக்கிறார் என்றால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போய், மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மனைவிக்கும் அந்தத் திட்டம் உண்டு. அம்மாவுக்கும் அந்த உதவி தேவைப்படலாம். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அதை அம்மாவின் போனில் இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.