நெஞ்சுக்குள் ஒரு தேர்

கேள்வி: எனக்கு வயது 46. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். பத்து வருடமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ அடித்துவிட்டு, சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுவதால் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. பயந்த சுபாவம் என்றார்கள். திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். போன மாதம் நிற்காமல் அடித்தபோது ஈ.சி.ஜி.யில் 190 என்று அகப்பட்டது. திருநெல்வேலியில் பார்த்த இதய மருத்துவர், தொடை வழியாகக் கம்பி விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டுவிட்டால் சரியாகும் என்கிறார். சீட்டில் ஏ.வி.என்.ஆர்.டி. என்று எழுதியிருக்கிறது. நெஞ்சைத் தீய்ப்பதா என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. வீட்டுக்காரர் கேரளத்தில் பேக்கரி வேலை. அன்று ஒரு நாள் வந்து போவதாகச் சொல்கிறார். மகன் திருப்பூரில். என்னோடு ஒரே திண்ணையில் பீடி சுற்றும் ஐந்து பேரும் கூட வருகிறோம் என்கிறார்கள். நான் படுத்திருக்கும் நாட்களில் என் கணக்குக்கும் சேர்த்துச் சுற்றித் தருவார்களாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் மனைவியோ, “சொந்தம் இருக்கும்போது ஊராரைக் கூட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இந்தச் சிகிச்சைக்குப் போகலாமா? யாரைக் கூட்டிப்போவது? இன்னொரு சின்னச் சந்தேகம்: மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்களா? அம்மா போட்டுவிட்டது, இதுவரை கழற்றியதே இல்லை.

பதில்: போகலாம், தங்கச்சி. மருத்துவத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே சிகிச்சைக்காக, பாளையங்கோட்டை வீட்டிலிருந்து ஒரு ஒயர் கூடையோடு புறப்பட்டுப் போனவள்தான். அந்த அறைக்குள் என்ன நடக்கும், வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் சொல்ல முடியும்.

அதற்கு முன் அந்தப் பத்து வருடம். உங்களைப் ‘பயந்த சுபாவம்’ என்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கோளாறு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் ஈ.சி.ஜி.யில் அகப்படும். நின்ற மறு நிமிடம் எடுத்தால் பெரும்பாலும் பச்சைப்பிள்ளை போல ஒன்றுமறியாமல் இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருவது இது. ஆனால் ஒரு பெண் போய் ‘படபடப்பு’ என்று சொன்னால் மனசு சரியில்லை என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் நன்றாகத் தூங்கினேன். படபடப்பு அதுபாட்டுக்கு வந்து போனது. 190 என்று பதிவான அந்தச் சீட்டுதான் உங்கள் பத்து வருடத்துக்கும் சாட்சி. அந்த வழவழப்பான காகிதம் சூடும் வெளிச்சமும் பட்டால் வெளுத்துவிடும். இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலைப் பீரோவில் வையுங்கள். டி.வி. மேல் வைக்காதீர்கள்.

அடுத்து, தீய்ப்பது. திருநெல்வேலி டவுனில் ஆனித் தேர் பார்த்திருப்பீர்கள். நான்கு ரத வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் எல்லோரும் மூச்சு விடுவார்கள். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்சாரத் துடிப்பும் நடுவிலுள்ள ஒரு முடிச்சைக் கடந்து கீழறைக்கு இறங்கி, அத்தோடு அடங்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அந்த முடிச்சின் பக்கத்தில் ஒரு பாதைக்கு இரண்டு பாதையாக அமைந்துவிட்டது. ஒன்றில் இறங்கிய துடிப்பு மற்றதில் ஏறி, மறுபடி இறங்கி, நிலைக்கு வராத தேர்போலச் சுற்றுகிறது. உங்கள் சீட்டில் ஏ.வி.என்.ஆர்.டி. என்று எழுதியிருப்பது இதைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு அடி அடிக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அடிக்க வேண்டியது 190 ஆவது இப்படித்தான். சிகிச்சை, வேண்டாத அந்த ஒரு வீதியை மட்டும் அடைத்துவிடுவது. சுடும் இடம் ஒரு மிளகளவு இருக்கும். சூடு 50, 60 டிகிரி. நாம் ஆற்றிக் குடிக்கும் காப்பியின் சூடு. (1906இல் சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர் அந்த முடிச்சைக் கண்டுபிடித்து எழுதினார். முப்பது வருடம் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு இதயம் வரைந்து காட்டிய உயிரியல் ஆசிரியை நான். அந்த முடிச்சை ஒரு நாளும் வரைந்ததில்லை.)

நூறு பேரில் 95 பேருக்கு மேல் இதில் குணமாகிவிடுகிறார்கள். ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுடும்போது அந்த முடிச்சே பழுதாகிப் பேஸ்மேக்கர் வைக்க நேர்வது நூற்றில் ஒருவர் அளவுக்கு, அதற்கும் குறைவாகவே, நடக்கிறது. தொடையில் ரத்தம் கட்டிக் கன்றிப்போவது அதைவிடச் சாதாரணம். அவசரமும் கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அதில் இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்வார்களா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்த அறை குளிராக இருக்கும். மார்பிலும் முதுகிலும் ஒட்டும் பட்டைகள் அதைவிடக் குளிராக இருக்கும். தொடை மடிப்பில் மரத்துப்போவதற்கு ஊசி போடுவார்கள். வலி என்று சொன்னால் எனக்கு அதுதான். கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக மேலே போனதே தெரியவில்லை. லேசான மயக்கத்துக்கு மருந்து கொடுத்திருந்தாலும் நான் விழித்துத்தான் இருந்தேன். பிறகு, கோளாறு எந்த இடத்தில் என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே அந்தப் படபடப்பை வரவழைப்பார்கள். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு வந்தது. கழுத்துக்குள் கோழிக்குஞ்சு சிறகடிப்பதுபோல, வழக்கமாக வருவது அப்படியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் மருத்துவர் கேட்டார்: “டீச்சர், உங்களுக்கு வருவது இதுதானா?” “இதேதான்” என்றேன். அழுகை வந்துவிட்டது. செவிலிப்பெண் வலிக்கிறதா என்று குனிந்து கேட்டாள். வலி எங்கே இருந்தது? இத்தனை வருடமாக நான் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை, ஓர் அறை நிறையப் பேர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். கம்பியை எடுத்த இடத்தை ஒருவர் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்திருப்பார். அப்புறம் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். சிறுநீர் வந்தால் எழுந்திருக்க முடியாது, படுக்கையிலேயே பேசின் வைக்க வேண்டும். யாரைக் கூட்டிப்போவது என்று கேட்டீர்களே, பதில் இந்தப் பேசினில் இருக்கிறது. யார் வைத்தால் உங்களுக்குக் கூச்சம் வராதோ அவர்தான் வார்டுக்குள் இருக்க வேண்டும். வார்டில் பெரும்பாலும் ஒருவரைத்தான் விடுவார்கள். என் தங்கை இருந்தாள், ஆனால் அவள் முன் எனக்கு வரவே இல்லை. கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “பத்தாம் வகுப்பு விடைத்தாள் முந்நூறை உங்களோடு உட்கார்ந்து திருத்தியவள் நான், இதற்கென்ன” என்று சொன்னார். அந்த வேகத்திலேயே காரியம் முடிந்தது.

தோழிகள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஆக மாட்டார்கள். எனக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் நாள் இரவோடு சாப்பாடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒருத்தி காலை ஆறு மணிக்குச் சுடச்சுட இட்லியும் எள்ளுப் பொடியும் தூக்கில் கொண்டுவந்தாள். நல்லெண்ணெய் வாசனையில் எனக்கு உயிர் போயிற்று. இன்னொருத்தி, தன் சித்தப்பா ஆபரேஷன் மேஜையிலேயே போன கதையை லிப்டில் ஆரம்பித்துவிட்டாள். அவளை வெளியே உட்காரவைத்து என் கைப்பேசியைக் கொடுத்துவிட்டோம். தூத்துக்குடி, மும்பை, துபாய் என்று விசாரித்த சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அவள்தான் பதில் சொன்னாள். சாயங்காலம் பேச்சு ஓய்ந்து அவளே படுத்துக்கொண்டாள். உங்கள் திண்ணையிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைத் தள்ளாதீர்கள், போனைக் கொடுங்கள். சட்டென்று கேள்வி கேட்கத் தெரிந்தவரை மருத்துவர் பேசும்போது பக்கத்தில் நிறுத்தி, எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்பதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நம் காதில் ஒன்றும் ஏறாது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கணக்குக்குச் சேர்த்துச் சுற்றுவதில் என்ன கூச்சம்? ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்றால் ஐந்து பேருக்கு ஆளுக்கு இருநூறு. அவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் நீங்கள் சுற்றித் தந்ததே இல்லையா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை, எழுதவும் மாட்டீர்கள். பீடித் தட்டை அவர்கள் மடியில் வைத்துவிட்டுப் போங்கள்.

சிகிச்சை நாள் வரும் முன்பே ஒருமுறை படபடப்பு வந்துவிட்டால் திண்ணையில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களுக்கு அது ஆகுமா என்று மட்டும் மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழலின் நுனியில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி முக்கி ஊத வேண்டும். உடனே மல்லாத்திப் படுக்கவைத்து ஒருவர் இரண்டு கால்களையும் 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, வெறுமனே ஊதியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத்தான் நின்றது. காலைத் தூக்கியவர்களில் 43 பேருக்கு நின்றது. கால் தூக்க ஆள் வேண்டும் பாருங்கள், தனியாகச் செய்ய முடியாது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் ஊதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. எப்போது சம்மணம் போட்டுத் தட்டை மடியில் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். ஊசி போட்ட இடத்தில் வீங்கினாலோ ரத்தம் வந்தாலோ படுத்துக்கொண்டு, ஒருவர் அழுத்திப் பிடிக்க, மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வாரங்களுக்கு நடு நடுவே ஒரு அடி தவறினதுபோல, இப்போது ஆரம்பிக்கப் போகிறது என்பதுபோல இருக்கும், ஆரம்பிக்காது. எனக்கு மூன்று மாதம் அப்படி இருந்தது. ராத்திரி விழித்துக்கொண்டு மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் கூடுகிற கூட்டம் வீடு திரும்பிய மூன்றாம் நாள் கலைந்துவிடும்.

உங்கள் மதினியின் கோபம் அங்கேதான் உதவும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு ஊர்ப்பேச்சைக் காரணமாகச் சொல்கிறார். ஐந்து பேருக்கு ஐந்து வேலை வந்து தனக்கு ஒன்றும் இல்லையே என்பதுதான் உள்ளே இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். “திரும்பி வந்ததும் பத்து நாள் உங்கள் வீட்டில்தான் எனக்குப் படுக்கை” என்று சொல்லுங்கள். கேட்காதீர்கள், சொல்லுங்கள். அண்ணன் வீட்டில் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

மூக்குத்தியைக் கழற்றத்தான் வேண்டும், பெரும்பாலும் எல்லா இடத்திலும் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கவிட மாட்டார்கள். இத்தனை வருடம் கழற்றாத திருகு இறுகியிருக்கும். அங்கே போய் அவசரத்தில் கழற்றினால் ரத்தம் வரும். முதல் நாள் சாயங்காலமே தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, மதினியைத் திருகச் சொல்லுங்கள். கழன்றதும் அவர் முந்தானையிலேயே முடிந்துகொள்ளட்டும். துவாரம் தூர்ந்துவிடும் என்று பயப்படாதீர்கள், அத்தனை வருடத்துத் துவாரம் இரண்டு நாளில் தூராது. வீட்டுக்கு வந்ததும் அவரே போட்டுவிடுவார்.