60 லட்ச ரூபாய் கார் வாங்கினால் தினப்பயணக் களைப்பு குறையுமா?

கேள்வி: குடும்பம் மண்டபத்தில், வேலை பரமக்குடியில். போக சுமார் 75 கி.மீ., வர அதே 75. இப்போது ஓட்டுவது பழைய சின்ன கார், கியர் வண்டி. வீடு வந்து சேரும்போது இடுப்பு விட்டுப்போகிறது, பிள்ளைகளிடம் பேசக்கூடப் பொறுமை இருப்பதில்லை. நிலம் விற்ற பணம் கையில் இருக்கிறது. 60 லட்சத்தில் ஒரு சொகுசு கார் எடுத்தால் இந்த அலைச்சல் சுலபமாகுமா?

பதில்: கொஞ்சம் சுலபமாகும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பகுதி 15 முதல் 18 லட்ச ரூபாய் வண்டியிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் போடும் பணம் உங்கள் களைப்பைத் தொடாது. ஆகவே அந்த 60 லட்சத்தைக் காரில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் இடுப்பைப் பார்ப்போம். அதற்குக் காரணம் பெரும்பாலும் சீட்டும் கிளட்ச்சும். தொடை முழுவதும் சீட்டில் பதிய வேண்டும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி மட்டும் இருக்கலாம். இடுப்பு வளைவுக்குத் தாங்கல் வேண்டும். ஸ்டியரிங் மேலே கீழே மட்டுமல்லாமல், முன்னும் பின்னும் நகர வேண்டும். இல்லையென்றால் கையை எட்டிப் பிடித்தே முதுகு கூன் போட்டுவிடும். இவற்றோடு ஆட்டோமேட்டிக் கியரும் சேர்ந்தால் வலி நன்றாகவே குறையும். இதெல்லாம் நடுத்தர விலை வண்டிகளிலேயே வந்துவிட்டது.

அடுத்து மனச்சோர்வு. இது சாலையிலிருந்து வருவது. ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி வரை இன்னும் இருவழிச் சாலைதான். முன்னால் லாரி, எதிரே ராமேஸ்வரம் போகும் சுற்றுலா பஸ், முந்தலாமா வேண்டாமா என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரிசைகட்டும். ஆடி, தை அமாவாசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருட்டிவிட்டால் எதிர்வண்டிகளின் ஹைபீம் வேறு. இஞ்சின் வலு அதிகமுள்ள கார் சட்டென்று முந்தும், உண்மைதான். ஆனால் முந்துவதற்கு எதிரே இடம் வேண்டுமே! இந்த 46.7 கி.மீ.யை நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்திருக்கிறது. உங்கள் பயணத்தை உண்மையில் மாற்றப்போவது அந்த வேலைதான். ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி: காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே திரும்புகிறீர்கள், இரண்டு வேளையும் வெயில் முதுகுப் பக்கம். கண் கூசாது.

சொகுசு காரில் உட்கார்ந்தால் மனசாவது நிறையாதா என்று கேட்பீர்கள். நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜிங் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2011-இல் எழுதியிருக்கிறார்கள். காரைப் பற்றியே நினைத்துக்கொண்டு ஓட்டும்போது விலையுயர்ந்த வண்டி கூடுதல் மகிழ்ச்சி தருகிறது. வழக்கமான வேலைப் பயணத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. புது வண்டி வாங்கிய யாரும் இதை உணர்ந்திருப்பார்கள். முதல் சில வாரம் கண் டேஷ்போர்டிலேயே இருக்கும், அப்புறம் மனசு ஆபீஸ் கணக்குக்கும் பையன் மார்க்குக்கும் போய்விடும்.

நம் பக்கத்துச் சாலைக்கு டயர் முக்கியம், இதை யாரும் கவனிப்பதில்லை. சொகுசு கார்களில் வரும் 245/40 ஆர்19 டயரின் பக்கச்சுவர் உயரம் 98 மி.மீ. சாதாரண வண்டியின் 215/60 ஆர்16 டயரில் அது 129 மி.மீ. குழியில் இறங்கும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். பல சொகுசு கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பக்கச்சுவர் கெட்டியான ரன்ஃப்ளாட் டயர்தான் வரும். பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓடும் என்பார்கள், சரி. ஆனால் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள் கிடக்கும் ஊரில், அந்த டயருக்கு மாற்று உடனே கிடைக்குமா என்று யோசியுங்கள்.

உப்புக்காற்று கார் விலையைப் பார்ப்பதில்லை. அடிப்பாகத்திலும் ஏசி கண்டென்சரிலும் அரிப்பு வரும். எந்த வண்டி வாங்கினாலும் துருத்தடுப்புப் பூச்சு போட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். சொகுசு காரில் பழுது என்றால் மதுரைக்கு ஓட வேண்டும், மண்டபத்திலிருந்து அது 150 கி.மீ.

செலவைப் பாருங்கள். மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 45,000 கி.மீ. இவ்வளவு ஓடிய சொகுசு காரை விற்கப்போனால் விலை படுத்துவிடும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரியே 20 சதவீதம். 60 லட்சத்துக்கு 12 லட்சம் அதிலேயே போகிறது. லிட்டருக்கு 20 கி.மீ. தரும் வண்டியோடு 12 தரும் வண்டியை ஒப்பிட்டால், வருடத்துக்கு 1,500 லிட்டர் கூடுதல் எரிபொருள்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பாதுகாப்பு. பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் இஎஸ்சி, நல்ல ஹெட்லைட் இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

மிச்சப் பணத்துக்கு என் யோசனை, டிரைவர். மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தாலும் ஐந்து வருடத்துக்கு 12 லட்சம், அந்த ஆயுள் வரிக்குச் சமம். பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருபவருக்கு வீட்டில் பேசத் தெம்பு இருக்கும். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆக்டிங் டிரைவர் போடுங்கள். ராமேஸ்வரம்–மதுரை பாசஞ்சர் ரயில் மண்டபத்திலும் பரமக்குடியிலும் நிற்கிறது, உங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

நீங்களே ஓட்டும் நாளில் ராமநாதபுரத்தில் ஐந்து நிமிடம் இறங்கி நடங்கள். புது வண்டியை முடிவு செய்யும் முன், ஷோரூம் வாசலில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தது போதாது. அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்த மாலையில் பரமக்குடியிலிருந்து மண்டபம் வரை ஓட்டிப் பாருங்கள். இடுப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு முன்பணம் கட்டினால் போதும்.